சொகுசு ஹோம் தியேட்டர்: எது விலை குறையும், எது குறையாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று கோடி ரூபாய்க்கு விற்கிற டிவி என்றாவது சாதாரண வீட்டுக்கு வருமா?

சில வரும், சில வரவே வராது. இதை ஊகிக்க வேண்டியதில்லை, பொருள் எப்படித் தயாராகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வந்ததற்கு உதாரணம் நிறைய இருக்கிறது. 1997-ல் பிலிப்ஸ் 42 அங்குல பிளாஸ்மா டிவியை அமெரிக்காவில் 14,999 டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். அதன் தெளிவு 852×480 புள்ளிகள்தான். இன்று அதே அளவில் முழு எச்டி டிவியை மாதச் சம்பளக்காரர் யோசிக்காமல் வாங்குகிறார். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை இதைவிட வேகமாக இறங்கியது. 2013-ல் எல்ஜியின் 55 அங்குல வளைந்த ஓஎல்இடியும் அமெரிக்காவில் 14,999 டாலர்தான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே அளவில் புதிய மாடல் 3,499 டாலருக்கு வந்துவிட்டது.

நம் ஊரில் இதற்குப் பழைய சாட்சியும் உண்டு. 1982-ல் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியபோது கலர் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே உட்கார்ந்தது. 2006-ல் தமிழக அரசு 14 அங்குல கலர் டிவியை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கிவிட்டது.

திரையின் விலை மட்டும் ஏன் இப்படிச் சரிகிறது?

காரணம் கண்ணாடி. எல்சிடி பேனலை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பெரிய கண்ணாடித் தகட்டின்மேல் மொத்தமாக உருவாக்கி, பிறகு வெட்டி எடுக்கிறார்கள். சப்பாத்தி மாவைத் தேய்த்து மூடியால் வெட்டுவது போலத்தான். ஓரத்தில் மிஞ்சுவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம்.

தொழிற்சாலைகளை அவை கையாளும் கண்ணாடி அளவை வைத்துத் தலைமுறை என்பார்கள். 8.5-ஆம் தலைமுறைத் தகடு 2200×2500 மில்லிமீட்டர். அதில் 55 அங்குலப் பேனல் ஆறு கிடைக்கும், கண்ணாடியில் பத்தில் ஒன்பது பங்கு பயன்படும். அதே தகட்டில் 65 அங்குலம் வெட்டினால் மூன்றுதான் வரும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சும். அதனால்தான் பல ஆண்டுகள் 55-க்கும் 65-க்கும் இடையே விலை அப்படித் தாவியது. பத்து அங்குலம் கூடியதற்காக இல்லை.

2017 டிசம்பரில் சீனாவின் ஹெஃபெய் நகரில் பிஓஇ நிறுவனம் 10.5-ஆம் தலைமுறை ஆலையைத் தொடங்கியது. தகடு 2940×3370 மில்லிமீட்டர். அதில் 65 அங்குலம் எட்டு, 75 அங்குலம் ஆறு. இரண்டிலுமே கண்ணாடி ஏறக்குறைய 94 சதவீதம் பயன்படுகிறது. அடுத்த சில ஆண்டுகளில் 65-ம் 75-ம் நடுத்தர வீடுகளுக்கு வந்ததற்கு இந்த ஆலைகள்தான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் தேறும் விகிதம். புது ஆலையில் தொடக்கத்தில் பாதிப் பேனல் குப்பைக்குப் போனால், தேறிய பாதி மொத்தச் செலவையும் சுமக்கிறது. விகிதம் 90-ஐத் தாண்டியதும் விலை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். புதிய தொழில்நுட்பத்தின் முதல் ஆண்டு வாடிக்கையாளர் இந்தக் கழிவுக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்.

அப்படியானால் மைக்ரோ எல்இடியும் குறைந்துவிடுமே?

சாம்சங் 2023 ஆகஸ்டில் 110 அங்குல மைக்ரோ எல்இடியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது விலை ரூ.1,14,99,000. இதுவும் ஓஎல்இடி போல இறங்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. கணக்கைப் பாருங்கள்.

4கே திரையில் 3840×2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்கு. மொத்தம் 2 கோடியே 48 லட்சம் விளக்குகள். ஒவ்வொன்றும் வேறொரு தகட்டில் உருவாக்கப்பட்டு, பலகைக்கு மாற்றி ஒட்டப்பட வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்று பழுதானாலும் ஒரு டிவியில் கிட்டத்தட்ட 2,500 இடங்களைத் தேடிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எல்சிடியில் செலவு பரப்பளவைப் பொறுத்தது. இங்கே எண்ணிக்கையைப் பொறுத்தது. 110-ஐ 65 ஆகச் சுருக்கினாலும் விளக்கு எண்ணிக்கை குறையாது. இன்னும் பொடியாகச் செய்ய வேண்டியிருப்பதால் வேலை கடினமாகிறது. கண்ணாடி வெட்டும் கதை இங்கே உதவாது.

பெயரைப் பார்த்துக் குழம்பக் கூடாத ஒன்று: மினி எல்இடி வேறு. அது சாதாரண எல்சிடிதான், பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனியாக மங்க வைக்கிறார்கள். 2019-ல் டிசிஎல் முதலில் விற்றது, அதற்குள் நடுத்தர விலைக்கு இறங்கிவிட்டது. வாங்கும்போது மங்கும் பகுதிகள் எத்தனை என்று கேளுங்கள். நூறுக்குக் கீழே என்றால் பெயர்தான் மினி எல்இடி. இரவுக் காட்சியில் நிலாவைச் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம் தெரியும்.

விலை குறையாமலே மறைந்துபோனவை உண்டா?

உண்டு, அவற்றை வாங்கியவர்கள்தான் பாவம். கேனனும் தோஷிபாவும் சேர்ந்து உருவாக்கிய எஸ்இடி என்ற தட்டைத் திரை வகை கடைக்கே வராமல் 2010-ல் கைவிடப்பட்டது. ப்ளூரேக்குப் போட்டியாக வந்த எச்டி டிவிடி வட்டை தோஷிபா 2008 பிப்ரவரியில் நிறுத்தியது. 3டி டிவி 2010-ல் ஆர்ப்பாட்டமாக வந்து 2017-க்குள் பெரிய நிறுவனங்களின் பட்டியலிலிருந்து காணாமல் போனது. எல்ஜியின் சுருட்டும் டிவி 2020-ல் கொரியாவில் 10 கோடி வோன் விலையில் வெளிவந்தது, பிறகு இந்தியாவுக்கு 75 லட்ச ரூபாய் விலைச்சீட்டோடு வந்து, அப்படியே விலகியது.

இவற்றில் பொதுவான அடையாளம் ஒன்று இருக்கிறது. வாங்கியவர் தினமும் பார்க்கிற படத்தை அவை மேம்படுத்தவில்லை, அல்லது வேறொரு வழி அதைவிட மலிவாக அதே வேலையைச் செய்தது. சுருட்டும் டிவி தீர்த்த பிரச்சினை, திரை வெறுமையாக இருக்கும்போது சுவர் அழகாக இல்லை என்பது. அதற்கு யாரும் 75 லட்சம் தரத் தயாராக இல்லை.

எது குறையவே குறையாது?

எடையும் இடமும் கைவேலையும். ஸ்பீக்கரில் இருப்பது காந்தம், தாமிரச் சுருள், மரப்பெட்டி. மூன்றின் விலையும் திரையைப் போலச் சரிவதில்லை. ஆழ்ந்த பாஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்சாரத்தில் அதிக சத்தம் என்ற மூன்றில் இரண்டைத்தான் எந்த நிறுவனமும் தர முடியும். எவ்வளவு காசு கொடுத்தாலும் மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 40 ஹெர்ட்ஸில் கேட்கிற அதே சத்தத்தை 20 ஹெர்ட்ஸிலும் கேட்க வேண்டுமானால் கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். இதை சிப்பால் ஏமாற்ற முடியாது.

புரொஜெக்டர் நடுவில் நிற்கிறது. சோனியின் முதல் வீட்டு 4கே புரொஜெக்டர் 2011 முடிவில் 24,999 டாலர். 2017-ல் அசல் 4கே தெளிவுள்ள மாடலை 4,999 டாலருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேயே விலை நின்றது. 2022-ல் லேசர் விளக்கோடு வந்த அடுத்த தொடக்க மாடல் 5,999 டாலர். விற்பனை எண்ணிக்கை சிறியது, போட்டி போடும் நிறுவனங்களும் ஓரிரண்டுதான். அதனால் சரிவு பாதியில் தேங்கிவிட்டது.

எதிர்பாராமல் மலிவானதும் ஒன்று இருக்கிறது. அறையின் ஒலியை அளப்பது. ஒரு காலத்தில் இதற்கென நிபுணரை வரவழைக்கப் பெரும்பணக்காரர்களால்தான் முடிந்தது. இன்று அளவிடும் மைக் ஒன்றை யுஎஸ்பியில் சொருகி, இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்டு மென்பொருளில் யாரும் தன் ஹாலை அளந்துகொள்ளலாம். கோடீஸ்வர வீட்டு தியேட்டரின் உண்மையான ரகசியம் இதுதான், அது பரவலானதில் எங்களுக்கு அளவற்ற மகிழ்ச்சி.

கையில் உள்ள பணத்தை எப்படிப் பிரிப்பது?

மேலே சொன்னதிலிருந்தே விடை வருகிறது. திரை ஐந்தாறு வருடத்தில் பழசாகும், நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் ஓடும். எனவே திரைக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஸ்பீக்கருக்கும் சப் வூஃபருக்கும் (பாஸுக்கான தனி ஸ்பீக்கர்) சேர்த்து 40 சதவீதம் ஒதுக்குங்கள். ஏவி ரிசீவருக்கு (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்) 15, மீதியை வயரிங், திரைச்சீலை, தரைவிரிப்பு, எர்த் ஆகியவற்றுக்கு வையுங்கள்.

பணம் ஒரே தடவையில் புரளவில்லை என்றால் இருக்கிற டிவியை வைத்துக்கொண்டு முதலில் முன்பக்க ஸ்பீக்கர் ஜோடி, அடுத்து ரிசீவர், பிறகு சென்டர், சப் வூஃபர், பின் ஸ்பீக்கர் என்று ஏறுங்கள். டிவியைக் கடைசியில் மாற்றுங்கள். அதற்குள் அதன் விலை உங்களுக்காக இறங்கியிருக்கும்.

எத்தனை அங்குலம் வாங்கலாம்?

உட்காரும் தூரத்தை அளந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். திரை கண்ணுக்கு 30 டிகிரியிலிருந்து 40 டிகிரி வரை விரிந்திருந்தால் சினிமா உணர்வு வரும். அந்தக் கணக்கில் 55 அங்குலத்துக்கு 5½ முதல் 7½ அடி, 65-க்கு 6½ முதல் 9 அடி, 75-க்கு 7½ முதல் 10 அடி. நம் ஹால்களில் சோபா பெரும்பாலும் 10 அடி தள்ளித்தான் இருக்கும். அங்கே 43 அங்குலம் மாட்டினால் 4கேயும் எச்டியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உயரத்திலும் தவறு நடக்கிறது. உட்கார்ந்த கண்மட்டம் தரையிலிருந்து 3 அடி 4 அங்குலம் அளவுக்கு இருக்கும். திரையின் நடுப்பகுதி அதற்கு அரை அடிக்கு மேல் ஏறக் கூடாது. ஷோகேஸ் மேல் ஆறடி உயரத்தில் மாட்டிவிட்டுக் கழுத்து வலி என்பவர்கள் அதிகம்.

புரொஜெக்டரா, டிவியா?

அறையை முழுமையாக இருட்டாக்க முடியுமா என்பதுதான் ஒரே கேள்வி. வெள்ளைத் திரையின் கறுப்பு என்பது புரொஜெக்டரை அணைத்த நிலையில் அந்தத் திரை எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறதோ அவ்வளவுதான். ட்யூப்லைட் எரிகிற ஹாலில் எவ்வளவு விலையுள்ள புரொஜெக்டரும் கறுப்பைச் சாம்பலாகவே காட்டும். அந்த ஹாலுக்கு 75 அங்குல டிவி போதும்.

இருட்டறை இருந்தால் கணக்கு எளிது. ஃபிலிம் காலத்துத் திரையரங்கத் தரம் 16 அடி-லாம்பர்ட் (சதுர அடிக்கு இத்தனை லூமென் வெளிச்சம்). 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 30 சதுர அடி. பெருக்கினால் 475 லூமென். 120 அங்குலத்துக்கு 685. விளக்கு தேய்வதற்கும் சினிமா மோடில் வெளிச்சம் குறைவதற்கும் இடம் விட்டு இதைப்போல் மூன்று மடங்கு வாங்கினால் போதும். அந்த லூமென் 'அன்சி' (முறைப்படி அளந்த) லூமென்தானா என்று பாருங்கள். இணையத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு '9000 லூமென், 4கே சப்போர்ட்' என்று விற்பவற்றின் அன்சி அளவு சில நூறுதான். 4கே சப்போர்ட் என்பது 4கே கோப்பை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள்; காட்டுவது பெரும்பாலும் 1280×720 அல்லது 1920×1080. 'நேட்டிவ் ரெசல்யூஷன்' வரியைத் தேடிப் படியுங்கள்.

லாம்ப் மாடலில் விளக்கு 3,000 முதல் 5,000 மணி நேரம் வரும், லேசர் 20,000 தாண்டும். தூசுப் படலம் காற்று வழியை அடைத்தால் இரண்டுமே சூட்டில் போகும். ஃபில்டர் உள்ள மாடலில் மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள்.

அட்மாஸ் அவசியமா?

தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி அட்மாஸ் 2012-ல் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே சென்னை சத்யம் சினிமாஸில் அது ஒலித்தது. வீட்டு ரிசீவர்களுக்கு 2014-ல் வந்தது, இன்று தொடக்க விலை ரிசீவரிலும் இருக்கிறது. அதாவது சிப் பகுதி மலிவாகிவிட்டது. மேலே மாட்ட வேண்டிய ஸ்பீக்கரும் அதற்கான வேலையும் மலிவாகவில்லை.

நல்ல 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் வூஃபர்) முதலில், அட்மாஸ் பிறகு. கூரை ஸ்பீக்கர் இரண்டு போடுவதென்றால் உட்காருபவரின் தலைக்கு நேர் மேலோ சற்று முன்னாலோ வர வேண்டும். மேல்நோக்கி ஒலியை எறிந்து கூரையில் பட்டுத் திரும்ப வைக்கும் வகை, 8 முதல் 12 அடி உயரச் சமதளக் கூரையில்தான் வேலை செய்யும். நடுவில் சீலிங் ஃபேன் ஓடினால் ஒலி வெட்டுப்படும். ஃபால்ஸ் சீலிங்கில் படிக்கட்டு டிசைன் இருந்தாலும் பயனில்லை.

ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப் வாங்கலாமா?

பட்ஜெட் உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் வாங்கலாம், கேட்டு வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கிடைப்பவற்றில் அடிக்கடி இருக்கும் ஐசி டிடிஏ7294. அட்டையில் 100 வாட் என்பார்கள். நல்ல சப்ளையில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 70 வாட் வரை சுத்தமாகத் தரும். ஆனால் ஐந்து சேனலுக்கும் சேர்த்து ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டிருந்தால் சத்தத்தை ஏற்றியதும் கரகரக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்பியர், ஹீட் சிங்க் எவ்வளவு கனம் என்பதைப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பிஎம்பிஓ (கண நேர உச்சத்தை ஊதிச் சொல்லும் வாட்) கணக்கை மொத்தமாக மறந்துவிடுங்கள். தொடர்ந்து தரும் சக்தியான ஆர்எம்எஸ் மட்டுமே வாட். டால்பி டிகோடர் போர்டு உண்மையாகவே இருக்கிறதா, அல்லது ஸ்டீரியோவைப் பிரித்து ஐந்து வழியில் அனுப்புகிற போர்டா என்பதும் முக்கியம். ஆப்டிகல் அல்லது ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே ஆம்ப்புக்கு அனுப்பும் வசதி) வழியாக 5.1 சோதனைக் கோப்பு ஒன்றை ஓட்டிப் பார்த்தால், ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் குரல் வர வேண்டும். எல்லாவற்றிலும் லேசாக வந்தால் அது டிகோடர் இல்லை.

பழைய ஸ்பீக்கர், செகண்ட் ஹேண்ட் ரிசீவர்?

பழைய ஸ்பீக்கர் புதையல். பழைய ரிசீவர் பெரும்பாலும் குப்பை. ரிசீவரில் எச்டிசிபி 2.2 (நகல் தடுப்புப் பூட்டு) இல்லையென்றால் அந்தப் பூட்டுள்ள 4கே படம் அதன் வழியாகப் போகாது.

ஸ்பீக்கர் பார்க்கும்போது கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள். ரப்பர் என்றால் பயமில்லை. ஃபோம் என்றால் நம் கடற்கரைச் சூட்டிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்திருந்தாலும் வளையத்தை மட்டும் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள், செலவு சிறியதுதான். அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்குங்கள். கோனை இரண்டு பக்கமும் சமமாக அழுத்தினால் உரசும் சத்தம் வரக் கூடாது. வந்தால் சுருள் கெட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

விலையுயர்ந்த சப் வூஃபர் வாங்கியும் பாஸ் 'பூம் பூம்' என்கிறது. ஏன்?

குற்றம் சப் வூஃபர்மேல் இல்லை, அறைமேல். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில அலைகள் மாட்டிக்கொண்டு பெருகும். 343-ஐ அறை நீளத்தின் (மீட்டரில்) இரு மடங்கால் வகுத்தால் முதல் தொல்லை அலை கிடைக்கும். 16 அடி நீளத்துக்கு 35 ஹெர்ட்ஸ், 12 அடி அகலத்துக்கு 47, 10 அடி உயரத்துக்கு 56. அறை 12×12 சதுரமாக இருந்தால் நீளமும் அகலமும் ஒரே 47-ல் சேர்ந்து தாக்கும். தியேட்டர் அறைக்குச் சதுரம் கூடாது என்பது இதனால்தான். காங்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியைத் துளியும் விழுங்காததால் நம் வீடுகளில் இது இன்னும் மோசம்.

காசில்லாமல் செய்யக்கூடிய முதல் வேலை: சப் வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாமேல் வையுங்கள். பாஸ் தொடர்ந்து வருகிற பாட்டு ஒன்றைப் போடுங்கள். சுவரோரமாக முழங்காலிட்டு அறையைச் சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில், தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப் வூஃபரை வையுங்கள். மூலை சத்தத்தைக் கூட்டும், தெளிவைக் குறைக்கும்.

பிறகு ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை (இதற்குக் கீழுள்ள ஒலி சப் வூஃபருக்குப் போகும் எல்லை) 80 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். தானியங்கி அளவீடு ஓட்டும்போது ஃபேன், ஏசி இரண்டையும் அணையுங்கள். மைக்கை ஸ்டாண்டில் காது உயரத்தில் வையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். நாற்காலியின் ஓர் இடத்தில் மட்டும் எடுக்காமல் ஆறேழு இடங்களில் எடுத்தால் முடிவு நம்பும்படி இருக்கும்.

சுவரில் முட்டை அட்டையும் மெல்லிய ஃபோமும் ஒட்டுவது உயர்ந்த சுரங்களை மட்டும் மழுக்கும், பாஸ் அப்படியே இருக்கும். 2 அங்குல ராக்வுல் (கல்லிழைப் பஞ்சு) பலகையைத் துணி சுற்றி முதல் பிரதிபலிப்பு இடத்தில் மாட்டுங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்த வேண்டும், நீங்கள் இருக்கையில் இருந்தபடி பார்க்க வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அதுதான். பாஸுக்கு மூலைகளில் குறைந்தது 4 அங்குலக் கனம் தேவை.

ஓஎல்இடியில் தழும்பு விழுமாமே?

விழும், பார்க்கும் பழக்கத்தைப் பொறுத்து. நாள் முழுக்க செய்திச் சேனல் ஓடுகிற வீட்டில், மூலையில் அசையாத சின்னமும் கீழே சிவப்புப் பட்டையும் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் எரிகின்றன, அவற்றின் நிழல் திரையில் நிலையாகப் பதிந்துவிடும். அந்த வீட்டுக்கு மினி எல்இடிதான் சரி. சினிமாவும் விளையாட்டும் கலந்து பார்க்கிற வீட்டில் கவலை வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்து சுவர் சுவிட்ச். பார்த்து முடித்ததும் பிளக் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம் என்றே வளர்ந்திருக்கிறோம். ஓஎல்இடி டிவி நான்கு மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்து மின்சாரம் இருக்கும் நிலையில் சில நிமிடங்கள் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும். சுவரில் அணைத்தால் அது நடக்கவே நடக்காது. ரிமோட்டில் அணைத்து, குறைந்தது கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

இடி மின்னலில் டிவி போவதைத் தடுப்பது எப்படி?

மின்னல் பெரும்பாலும் மின் கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. மாடியிலிருக்கும் டிஷ் கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவி போர்டைத் தாக்கும். ஸ்டெபிலைசர் இதைத் தடுக்காது. டிவியின் பவர் சப்ளை பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்பதால், வோல்டேஜ் இந்த எல்லையைத் தாண்டி ஏறாத ஊரில் ஸ்டெபிலைசர் தேவையே இல்லை. திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர்தான் தேவை. அதுவும் எர்த் சரியாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும். எலக்ட்ரீஷியனிடம் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள், 2 அல்லது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். இடி தொடங்குவதற்கு முன்பே பிளக்கையும் டிஷ் கேபிளையும், இரண்டையும், கழற்றுங்கள்.

ஆம்ப்பில் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் எப்போதும் இருந்தாலும் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் இரண்டு எர்த்துக்கு இடையே சுற்று ஓடுகிறது என்று அர்த்தம்.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். இப்போதே என்ன செய்துவைக்க வேண்டும்?

குழாய். கேபிளைச் சுவருக்குள் புதைக்காதீர்கள், குழாயைப் புதையுங்கள். டிவி இடத்திலிருந்து ரிசீவர் இடத்துக்கு 1½ அங்குல பிவிசி, வளைவுகள் எல்லாம் நீண்ட பெண்டாக, எல்போ கூடாது. எச்டிஎம்ஐ தலை ¾ அங்குலக் குழாயில் நுழையாது. உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டுவையுங்கள். எச்டிஎம்ஐ 2.0-ல் 18 ஜிகாபிட் போனது, 2.1-ல் 48. அடுத்த மாற்றம் வரும்போது பழைய கேபிளை உருவிப் புதியதைக் கட்டி இழுத்தால் போதும். 48 ஜிகாபிட்டுக்கு சாதாரணக் கேபிள் 3 மீட்டர் வரைதான் நம்பிக்கை. புரொஜெக்டர் தூரத்துக்கு ஃபைபர் கேபிள், அதில் திசைக்குறி உண்டு, தலைகீழாகப் போட்டால் படம் வராது.

ஸ்பீக்கர்களுக்கு 16 கேஜ் தாமிர வயர், 50 அடி தாண்டினால் 14. 'தாமிரம் பூசிய அலுமினியம்' மலிவு, வாங்க வேண்டாம். சப் வூஃபருக்கு இரண்டு இடங்களில் பிளக் பாயின்ட் வையுங்கள்.

8கே-வுக்குக் காத்திருக்கலாமா?

வேண்டாம். ஜப்பானின் என்எச்கே 2018 டிசம்பர் 1 முதல் 8கே ஒளிபரப்பு நடத்துகிறது. மற்றபடி பார்க்கப் படம் இல்லை. நம் ஊர் ஸ்ட்ரீமிங் 4கே படமே நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டில் வருகிறது. அதே படத்தின் 4கே ப்ளூரே வட்டு உச்சத்தில் 100-ஐக்கூடத் தாண்டலாம். தெளிவு வேண்டுமானால் புள்ளியைக் கூட்டுவதைவிட அந்த 15-ஐக் கூட்டுவதுதான் பலன் தரும்.

எந்த மாதத்தில் வாங்குவது?

புதிய மாடல்கள் பெரும்பாலும் மார்ச்சிலிருந்து மே வரை வரும். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளி வரை முந்தைய ஆண்டு மாடலைத் தள்ளிவிடுவார்கள். பேனல் அதேதான், மாற்றம் சிப்பிலும் ரிமோட்டிலும் மட்டும் என்றால் பழையதை எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் புரொஜெக்டர்களுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. விலையில் ஏறக்குறைய 8 சதவீதம். செகண்ட் ஹேண்டில் அதற்கு முந்தைய பில்லைக் காட்டி விலை பேசினால் இந்தக் குறைவைக் கழித்துப் பேசுங்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' எடுப்பதற்கு முன், அதே பொருளுக்கு முழுப் பணம் கட்டினால் என்ன தள்ளுபடி என்று கேளுங்கள். வட்டி பெரும்பாலும் அந்தத் தள்ளுபடிக்குள் ஒளிந்திருக்கும்.

திரையில் செங்குத்துக் கோடு விழுந்துவிட்டது. பேனலையே மாற்ற வேண்டுமா?

வாரண்டி இருந்தால் யாரையும் தொடவிடாதீர்கள், நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். முடிந்திருந்தால், பேனல் மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்கும் என்பதால் முதலில் ஒரு சோதனை. திரையின் மேல் அல்லது கீழ் ஓரத்தில், கோடு விழுந்த இடத்துக்கு நேராகச் சட்டத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். கோடு மறைந்து வந்தால் கண்ணாடியையும் போர்டையும் இணைக்கிற சிஓஎஃப் பட்டை விட்டிருக்கிறது. பாண்டிங் மெஷின் வைத்திருக்கும் கடையில் இதைச் சூடேற்றி மறுபடி ஒட்டுவார்கள். சில மாதமாவது உத்தரவாதம் எழுதி வாங்குங்கள்.

படம் இல்லாமல் குரல் மட்டும் வந்தால் இருட்டில் டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது பின்விளக்குப் பட்டைதான், அதை மாற்றலாம். மாற்றிய பிறகு பேக்லைட் அளவை 100-லிருந்து 60, 70-க்கு இறக்கிவையுங்கள். கடையிலிருந்து வந்த 'விவிட்' மோடிலேயே ஓட்டியதுதான் முதல் பட்டையைச் சீக்கிரம் எரித்திருக்கும்.